ஏரிக்கரை வழியாக அளந்த கடை

போன வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. காப்பி குடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்கள்.

"சார், சாராயக்கடையெல்லாம் மூடச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. மிச்சமிருக்கற சரக்கை எப்படிக் கொட்டறது, மகஜர் எப்படி எழுதறதுன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. போன தடவை மூடினப்போ நீங்கதான் செஞ்சீங்களாமே?"

ஓய்வு பெற்றவனுக்கு இதுதான் மரியாதை. ஒன்று, பென்ஷன் பேப்பரில் கையெழுத்துக் கேட்பார்கள். இல்லையென்றால் மறந்துபோன ஒரு பாழாய்ப்போன வேலையை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். சொன்னேன். குழியைக் கிணற்றுக்கும் ஏரிக்கும் தள்ளித் தோண்ட வேண்டும். பீப்பாயில் அளவுகோலை விட்டு அளந்து எழுதிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். நடந்ததை மகஜராக எழுதி, அதில் ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னேன்: "கொட்டின உடனே மண்ணைத் தள்ளிக் குழியை மூடுங்க. மூடற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதீங்க."

"அது எதுக்கு சார்? ரூல்ஸ்ல இருக்கா?" என்றான் ஒருவன்.

"ரூல்ஸில் இல்லை. சொன்னதைச் செய்" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பையன்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு மனசு சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ரெவென்யூ இலாகாவில் இருந்தேன். அதில் பெரும்பகுதி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். ஒரு மனிதன் குடிக்கலாம் என்று எழுதுவதிலும், குடிக்கக்கூடாது என்று எழுதுவதிலும் அந்தக் காலத்தில் பாதி கழிந்தது. நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டாம், எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது.

வேலைக்குச் சேர்ந்த ஐம்பதுகளில் மதுவிலக்கு முழு வேகத்தில் இருந்தது. என் மேஜைக்கு வந்த முதல் மனு ஒரு பாதிரியாருடையது. பூசைக்குத் திராட்சை ரசம் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தார். கோயிலில் எந்த அலமாரியில் வைப்பார், சாவி யாரிடம் இருக்கும் என்றெல்லாம் கேட்டுக் கடிதம் போட வேண்டும். போட்டேன். சாவி தன் இடுப்பில் இருக்கும் என்று அவர் பதில் எழுதினார். பிறகு டாக்டர் சர்டிபிகேட்டோடு பெர்மிட் கேட்டு வந்த பெரிய மனிதர்கள் பலரைப் பார்த்தேன். பிராந்தி இல்லாவிட்டால் அவர்கள் உடம்பு தாங்காது என்று சர்டிபிகேட் சொல்லும். ஏழைக்கு அப்படிச் சர்டிபிகேட் கொடுக்க எந்த டாக்டரும் இல்லை. அவன் சோற்றைப் புளிக்கவைத்த சுண்டக்கஞ்சி குடித்தான். அதற்கும் வழி இல்லாதவன் வார்னிஷ் குடித்தான்.

வார்னிஷ் என்றால் மர சாமான்களுக்குப் பூசுகிற அதே வார்னிஷ்தான். தண்ணீர் விட்டுக் கலக்கினால் அரக்கு திரிந்து மேலே வரும். அதைத் துணியில் வடிகட்டி எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பார்கள். சில நாள் போதை வரும். சில நாள் கண் போகும். சில நாள் ஆளே போய்விடுவான். எந்த நாள் எது என்று குடிக்கிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கை எடுத்தார்கள். நான் கலால் பிரிவில் குமாஸ்தா. கள்ளுக்கடை, சாராயக்கடை என்று தாலுகா முழுக்க ஏலம் நடந்தது. ஏலம் எடுத்தவர் கடைக்கு ஓர் இடம் காட்ட வேண்டும். அந்த இடத்தைச் சொல்லி ஊரில் தண்டோரா போடுவோம். ஆட்சேபணை உள்ளவர்கள் மனுக் கொடுக்கலாம். தாசில்தார் நேரில் வந்து விசாரித்து, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்து, சரியாக இருந்தால் லைசென்ஸுக்குச் சிபாரிசு செய்வார். ஓர் ஊரில் தண்டோரா போட்ட மறுநாளே கடைக்கு எதிரில் மூன்று செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, ஆதி காலத்து அம்மன் என்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல்லில் சூளைக்காரர் முத்திரை அப்படியே இருந்தது. இப்படிச் சிரித்துக்கொண்டே செய்த விசாரணைகளும் உண்டு.

அப்போது எங்கள் தாசில்தார் கோதண்டராமன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார். வயிற்றுப் புண் உள்ளவர், மதியம் தயிர்சாதம் தவிர எதுவும் சாப்பிட மாட்டார். விசாரணைக்குப் போகிற ஊரில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். கூஜாவில் தண்ணீர் ஜீப்பில் வரும். "ஒருத்தர் வூட்டுல குடிச்சா இன்னொருத்தருக்குச் சந்தேகம் வரும். எதுக்கு அந்தத் தொல்லை?" என்பார். கூலிக்காரரையும் 'நீங்க, வாங்க' என்றுதான் கூப்பிடுவார். வாக்குமூலம் எழுதும்போது நாங்கள் ஆபீஸ் தமிழில் மெருகேற்றினால் பிடிக்காது. ஜனங்கள் சொன்ன வார்த்தையைத்தான் எழுத வேண்டும். எழுதியதைத் தானே உரக்கப் படிப்பார். படித்து முடித்து, "நீங்க சொன்னது இதுதானா? எதையாவது மாத்தணுமா?" என்று கேட்பார். ஒரு மனுவுக்கு ஒரு பொழுது போய்விடும். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். பஸ் போய்விடுமே என்று நான் எத்தனையோ நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி அந்த ஊர். ஒரகடத்துக்குக் கிழக்கே இருக்கிறது, பெயர் வேண்டாம். ஊருக்கு நடுவில் மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் கல்குவாரி வேலைக்காரர்களின் வீடுகள், அதை ஒட்டி ஒரு புளியந்தோப்பு. படப்பையைச் சேர்ந்த ஒருவர் ஏலம் எடுத்து, அந்தத் தோப்பில் சாராயக்கடை போடுவதாக இடம் காட்டியிருந்தார். தண்டோரா போட்டதும் ஊரே திரண்டு ஆட்சேபித்தது. இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசமே இல்லை. பாதிரியார் முதல் கையெழுத்து. அடுத்தது கோயில் பெரியவர் சூசை. அதற்குக் கீழே பெண்களின் கைநாட்டு, பக்கம் பக்கமாக.

நாங்கள் போனது வெயில் காலம். ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோயில் வாசலிலிருந்து தோப்பு வரைக்கும் அளக்க வேண்டும். நேர்கோட்டில் அளப்பதில்லை, ஜனங்கள் வழக்கமாக நடக்கும் வழியில்தான் அளக்க வேண்டும் என்பது விதி. தகராறு அங்கேதான் வந்தது.

சூசை ஏரிக்குள் கையைக் காட்டினார். "இதோ கீது பாருங்க ஐயா, ஒத்தையடிப் பாதை. குவாரி ஜனம் பூசைக்கு இப்படித்தான் வர்றாங்க. இதுல அளங்க."

ஏலம் எடுத்தவர் குறுக்கே வந்தார். "அது ஏரிங்க. வழியே கெடையாது. கரை மேலதான் வழி."

கோதண்டராமன் இரண்டு வழியிலும் அளக்கச் சொன்னார். சர்வேயர் முனகிக்கொண்டே சங்கிலியை இழுத்தார். ஏரிக்குள் அளந்தால் தூரம் போதவில்லை, கடைக்கு இடமில்லை. கரை வழியாகச் சுற்றி அளந்தால் தூரம் தாண்டிவிட்டது, கடை வரலாம். ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லாரும் தாசில்தார் முகத்தையே பார்த்தார்கள்.

அவர் சூசையைக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்டார். "மழைக்காலத்துல இந்த வழியில நடப்பீங்களா?"

"மழைல ஏரி ரொம்பிக்கும். அப்ப கரை மேலதான்."

"கிறிஸ்துமஸ் பூசைக்கு?"

சூசை தலையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் பாதிரியார் நின்றிருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த ஏரி ததும்பிக் கிடக்கும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். 'அப்போதும் தண்ணியில் இறங்கித்தான் வருவோம்' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு எந்த ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சொல்லியிருப்பார். இவர் மாதா கோயில் வாசலில், பாதிரியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கரை மேலதான் ஐயா" என்றார்.

பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. சூசையின் மனைவி லூர்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நடுவயதைத் தாண்டியவள். குவாரியில் ஜல்லி உடைத்துக் காய்த்துப்போன கைகள். பெயர் ரோசம்மா என்றாள். நான் ஆட்சேபணைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"அதுல எழுதாதீங்க சார். நான் கடை வேணாம்னு சொல்ல வரல. வேணும்னு சொல்ல வந்தேன்."

நான் தாசில்தாரைப் பார்த்தேன். கடை வேண்டும் என்று சொல்ல ஊர்க்காரர் யாரும் வந்ததில்லை. அதற்கென்று எங்களிடம் தாளும் கிடையாது. "வெள்ளைத் தாள் எடுத்து எழுதுங்க" என்றார் அவர்.

ரோசம்மா சொன்னதை இன்றைக்கும் என்னால் வரி மாறாமல் சொல்ல முடியும். தாசில்தார் அதை உரக்கப் படித்ததால் இரண்டு தடவை கேட்டேன்.

"எம் புருசன் வார்னிஷ் குட்ச்சி செத்தான். எம் புள்ள அந்தோணி இப்ப அதையேதான் குடிக்கிறான். ஒரே புள்ள. கால்ல வுழுந்து பாத்தேன். வேளாங்கண்ணிக்கு இட்டுக்கினு போயி மொட்டை அட்சேன். சாமியாரு முன்னால சத்தியம் பண்ண வெச்சேன். ஒரு வாரம் தாங்கல. சர்க்காரு கடை வந்தா அத்தக் குடிப்பான். வார்னிஷ் குடிக்க மாட்டான்."

"சாராயம் மட்டும் நல்லதாம்மா? அதுவும் ஆளைக் கொல்லுமே" என்றார் தாசில்தார்.

"கொல்லும் சாமி. எனக்குத் தெரியாதா? ஆனா மெள்ளக் கொல்லும். வார்னிஷ் ஒரே நாள்ல இட்டுக்கினு பூடும். மெள்ளக் கொன்னா அதுக்குள்ள நான் போயி சேந்துருவேன். புருசன இந்தக் கையால குழில எறக்கிட்டேன். புள்ளையையும் எறக்க என்னால ஆவாது. நான் முந்திப் போவணும். வேற ஒண்ணும் கேக்கல."

லூர்தம்மாள் பாய்ந்து வந்தாள். "அடிப் பாவி! உன் ஒருத்தி புள்ளைக்கோசரம் எங்கூட்டு ஆம்பளைங்க எல்லாம் குடிக்கணுமா?"

"இப்ப உங்கூட்டு ஆம்பளைங்க இன்னா, மோரா குட்ச்சிக்கினு கீறாங்க?" என்றாள் ரோசம்மா. யாரும் சிரிக்கவில்லை. லூர்தம்மாளின் மருமகனும் அந்தோணியோடு சேர்ந்து குடிப்பவன்தான் என்று பிறகு தெரிந்தது.

கோதண்டராமன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். எதையாவது மாற்றணுமா என்று வழக்கம்போலக் கேட்டார். அவள் இல்லை என்று கைநாட்டு வைத்தாள். ஜீப்பில் ஏறப் போகிறபோது ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெயில் மண்டையைப் பிளந்தது, கூஜாவும் காலியாகிவிட்டது. அவர் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் முகம் சுருங்கிப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவருடைய அறிக்கை சின்னது. கிராம வரைபடத்தில் ஏரிக்குள் பாதை கிடையாது, வருஷம் முழுவதும் நடக்க முடிகிற வழி கரைதான், அந்த வழியில் தூரம் போதும். ஊரார் ஆட்சேபணையை முழுக்க எழுதியிருந்தார், ரோசம்மாவின் வாக்குமூலத்தையும் சேர்த்திருந்தார். ஆனால் முடிவுக்குக் காரணமாக அதைச் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை, ஒருநாள் கேட்டேவிட்டேன். "சார், அந்த அம்மா சொன்னதுக்காகத்தானே கரை வழியை எடுத்துக்கிட்டீங்க?"

"வரைபடத்துல இருக்கறதை எழுதினேன். அந்த அம்மா கேட்டது நம்ம ஆபீஸ்ல குடுக்கற பொருள் இல்லையேப்பா" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. சில மாதத்தில் அவருக்கு வேறு தாலுகாவுக்கு மாற்றல் வந்தது.

கடை வந்தது. ரோசம்மாவோடு ஊரில் பேச்சு நின்றது. கோயிலில் எல்லாரும் தரையில் பாய் விரித்துத்தான் உட்கார்வார்கள். அவள் உட்கார்ந்த பாயில் இன்னொருத்தி உட்கார மாட்டாள். கிணற்றடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தோடு ஒதுங்கி நிற்பார்கள். அந்த ஊர் மணியக்காரர் இதையெல்லாம் என்னிடம் ஒரு வேடிக்கை போலச் சொன்னார். எனக்கு வேடிக்கையாக இல்லை.

ரெவென்யூ இன்ஸ்பெக்டர் ஆன பிறகு கடைகளில் சரக்கைச் சரிபார்ப்பது என் வேலையாயிற்று. அந்தத் தோப்புக்குப் போகும்போதெல்லாம் ரோசம்மாவைப் பார்த்திருக்கிறேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிற்பாள். கடைக்குள் போகமாட்டாள், மகனைக் கூப்பிடவும் மாட்டாள். அந்தோணி குடித்துவிட்டு வெளியே வந்ததும் அவனுக்குப் பின்னால் நடப்பாள். அவன் தள்ளாடினால் தோளைப் பிடிப்பாள். கரை வழியாகத் தாயும் மகனும் அப்படிப் போவதைப் பார்த்தால் எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியாது. ஒருமுறை அவளே என்னிடம் வந்து சொன்னாள். "நல்லாத்தான் கீறான் சார். குவாரிக்கு வேலைக்குப் போறான். கண்ணு மஞ்சளா கீது, அவ்ளோதான்."

கடை நல்லது செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. லூர்தம்மாள் கத்தியது முழுக்கச் சரி. அதுவரைக்கும் குடிக்காதவனும் குடிக்க ஆரம்பித்தான். வார்னிஷுக்குப் பயந்து இருந்தவனுக்கு இப்போது பயம் விட்டுப்போயிற்று. அடி வாங்கிய முகத்தோடு பெண்கள் என் ஜீப்பை மறித்து, எந்த நியாயத்தில் இதற்கு லைசென்ஸ் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். ரோசம்மாவுக்கு ஒரு நியாயம் இருந்தது, அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. இரண்டையும் ஒரே கடையில் வைத்து எப்படிச் சரிக்கட்டுவது?

சில வருஷத்தில் சர்க்கார் மனசு மாறியது. முதலில் கள்ளுக்கடை போயிற்று, பிறகு சாராயக்கடையையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தத் தோப்புக் கடையை மூடப் போனவன் நான்தான். ஊரில் வெடி வெடித்தார்கள். கோயில் மணியை அடித்தார்கள். நான் பீப்பாய்களை அளந்து எழுதினேன். சூசையும் மணியக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தோப்புக்குப் பின்னால் குழி தோண்டி எல்லாவற்றையும் கவிழ்த்தோம். போலீஸ்காரரும் நானும் மகஜரை முடிக்கக் கடைப்பக்கம் திரும்பி வந்தோம், குழியை மூடுவதற்குத் தலையாரியை விட்டுவிட்டு.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது குழியைச் சுற்றி ஆட்கள் மண்டிபோட்டிருந்தார்கள். தோள் துண்டைச் சேற்றில் தோய்த்து எடுத்து வாய்க்கு மேலே பிழிந்துகொண்டிருந்தார்கள். தலையாரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றான். அவர்களில் அந்தோணியும் இருந்தான். முகமெல்லாம் செம்மண் குழம்பு. ரோசம்மா அவனுடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் லத்தியை ஓங்கினதும் எல்லாரும் ஓடினார்கள். அவள் மட்டும் என்னிடம் வந்தாள்.

"மூடிட்டீங்க. நல்லதுதான். இவன் நாளைக்கு எங்க போவான் சார்?"

"வேலைக்குப் போகட்டும், வீட்டுக்கு வரட்டும். இனிமே குடிக்க எதுவும் கிடைக்காதும்மா" என்றேன். சர்க்காரின் சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்னப் பிள்ளை எதையோ உளறினால் பார்ப்போமே, அந்த மாதிரி. பிறகு மகனைத் தேடிக்கொண்டு கரைப்பக்கம் போனாள்.

அந்த மழைக்காலத்திலேயே வார்னிஷ் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குவாரி வீடுகளில் சிலர் சேர்ந்து குடித்தார்கள். விடிவதற்குள் சிலர் போய்விட்டார்கள், மிச்சப் பேரை மாட்டுவண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து லாரியில் ஏற்றிக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாவு விசாரணைக்கு வாக்குமூலம் எழுத நான் போனேன். ஏரி நிரம்பிக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. லூர்தம்மாளின் மருமகன் இறந்துபோனான். அவள் மகள் கைக்குழந்தையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை. யார் விற்றது என்று கேட்டேன். விற்றவனும் குடித்துச் செத்தவர்களில் ஒருவன் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. ஆபீஸுக்குக் குற்றவாளி என்று எழுத ஒரு பெயர் கிடைத்துவிட்டது, விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

அந்தோணி சாகவில்லை. கண் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, விளக்கை ஏற்றச் சொல்லி அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தானாம். அப்போது நண்பகல். இதை எனக்குச் சொன்னது லூர்தம்மாள். ஆஸ்பத்திரியில் ரோசம்மாவுக்குத் துணையாக இருந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு கோயிலில் ரோசம்மாவின் பாயில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு சமாதானம் அந்த ஊருக்கு வந்தது.

பிறகு நான் பல இடம் சுற்றி, எண்பதுகளின் ஆரம்பத்தில் துணைத் தாசில்தாராக மறுபடி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தேன். நான் வந்த நேரம், சர்க்கார் மறுபடியும் கடைகளைத் திறந்தது. மறுபடி ஏலம், மறுபடி தண்டோரா, மறுபடி கைநாட்டு வைத்த மனுக்கள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. என் கீழே இருந்த குமாஸ்தாக்கள் வாக்குமூலத்தை ஆபீஸ் தமிழில் எழுதினார்கள், நானும் திருத்தவில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ரோசம்மா ஆபீஸுக்கு வந்தாள். நன்றாகக் கிழடாகிவிட்டாள், முதுகு வளைந்திருந்தது. அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு பின்னால் அந்தோணி வந்தான். தலை முடியெல்லாம் நரைத்துத் தாயைவிட மூத்தவன் போலத் தெரிந்தான். கடை விஷயமாகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"மறுபடியும் கடை வேணும்னு சொல்ல வந்தீங்களாம்மா?" என்றேன். இப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

"இல்ல சார். அத்த யாரோ பாத்துக்கட்டும். கண்ணு தெரியாதவங்களுக்கு சர்க்காரு மாசாமாசம் எதுனா குடுக்குதாம். சாமியாரு மனு எழுதிக் குடுத்தாரு. எடுத்துக்கினு வந்தேன்."

இருவரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மனுவை வாங்கி நானே விசாரணைக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். பெயர், வயது, எப்படிக் கண் போயிற்று, நிலம் உண்டா, வேலை செய்ய முடியுமா. எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். இன்னும் ஜல்லி உடைக்கப் போகிறாள். போகும்போது அவனைக் குவாரிப் பக்கத்து நிழலில் உட்கார்த்திவிட்டுப் போகிறாள். சோறு பிசைந்து கையில் வைக்க வேண்டும், வெளியே இட்டுக்கொண்டு போக வேண்டும், எல்லாம் அவள்தான். அந்தோணிக்குப் பெண் கொடுத்தவர்கள் எப்போதோ பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. எல்லா ஊனமுற்றோர் மனுவிலும் கேட்பதுதான். கேட்டு வாங்கி எழுதிவிட வேண்டியது.

"உங்களுக்கப்புறம் இவரைப் பார்த்துக்கறதுக்கு யார் இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல" என்றாள் ரோசம்மா. நான் எழுதினேன். அவள் நிறுத்தவில்லை. மெதுவாக, வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னாள்.

"அந்தத் தாசில்தாரு ஐயா கைல நான் முந்திப் போவணும்னு கேட்டேன், உங்களுக்கு ஞாபகம் கீதா? இப்ப அப்படிக் கேக்கறதில்ல சார். நான் முந்திப் பூட்டா இவன் பிச்சை எடுத்துக்கினு ரோட்ல கெடப்பான். அதனால மாதாகிட்ட இவன முந்தி எடுத்துக்கோன்னு தெனம் கேக்கறேன். நான் என் கையாலயே குழில எறக்கிட்டு, அப்புறமா வரேன்னு கேக்கறேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கிறான், அவன் காதில் விழுகிற மாதிரி ஒரு தாய் இப்படிப் பேசலாமா என்று அவளை அதட்ட ஆரம்பித்தேன். அதற்குள் அந்தோணி என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான்.

"அம்மாவத் திட்டாதீங்க சார். தெனம் சாயங்காலம் செபத்துல அது அத்த சத்தமாதான் கேக்கும். நான் பக்கத்துல உக்காந்து ஆமென் சொல்வேன்."